எங்கள் வீட்டுச் சடைவு

எங்கள் ஊருக்கு மழைக்காலத்துச் சடைவு பஸ்ஸில் வரும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள், மத்தியான பஸ்ஸில். வீட்டுக்கு ஒன்று. இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல், அதது அதன் வீட்டுக்கு நடந்து போகும்.

‘அது’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் முகம் வாடும். ஏற்கனவே வாடின முகம். ஆகவே அவர்.

சடைவு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதுவும் பிடிக்காது. எழுந்திருக்கத் தோன்றாது. உடம்பில் நோய் ஒன்றும் இருக்காது. மற்ற ஊர்களில் இது ஆளுக்குள் இருக்குமாம். எங்கள் ஊரில் நாற்காலியில் இருக்கும்.

எங்களுடையது உப்பள ஊர். மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் தண்ணீர். அதுவரை வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, பனையோலை போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். தை பிறந்து வெயில் ஏறும்வரை சும்மா உட்கார வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்தால் எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவர் வந்துவிடுவார்.

பார்க்க ஒல்லியாக இருப்பார். கனம் மட்டும் அதிகம். அதனால் கண்டக்டர் அவர்களுக்கு டிக்கெட் போடுவதில்லை. லக்கேஜ் போடுவார். அவர்கள் வருகிற அன்றைக்கு பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஊருக்குள் நுழையும். டிரைவர் அதைப் பழகிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவருக்கு என்ன கொடுப்பது? காப்பி கொடுத்தால் ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். சோறு போட்டால் உருட்டுவார். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் ஒரு குவார்ட்டரை உடைத்து ஊற்றியிருக்கிறார். சடைவு குடித்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் முறை. வந்தவரைத் தனியாகக் குடிக்க விடுவது மரியாதை இல்லை. வீட்டுக்காரனும் ஒரு தம்ளர் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் குடி கூடுவதற்கு வேறு காரணம் கிடையாது.

ஒரு வருஷம் இதை ஆராய்ச்சி செய்ய ஒரு டாக்டர் வந்தார். மனசு சரியில்லாததால் குடிக்கிறீர்களா, குடிப்பதால் மனசு சரியில்லாமல் போகிறதா என்று வீடு வீடாகக் கேட்டார். பக்கத்து வீட்டு இஸ்ரவேல், “ரெண்டும் ஒரே பஸ்ஸுலதான் சார் வருது” என்றான். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

குடிக்கக் குடிக்கச் சடைவு சீக்கிரம் கிளம்புவார் என்பது ஊரின் நம்பிக்கை. என் அப்பா காலத்தில் கார்த்திகையில் கிளம்பினார்கள். அப்புறம் மார்கழி. அப்புறம் தை. போன வருஷம் என் வீட்டில் இருந்தவர் பங்குனியில்தான் எழுந்தார். ஊரின் நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது.

என் மனைவி பெயர் சொர்ணம். சடைவு வந்ததும் சொர்ணம் பெட்டியைக் கட்டிக்கொண்டு உடன்குடிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டிருந்தால் அவள் எந்த மூஞ்சியைப் பார்ப்பது என்பது அவள் கேள்வி.

இந்த வருஷம் அவர் புரட்டாசியிலேயே வந்துவிட்டார். மழையே இல்லை. கையில் எப்போதும் இருக்கிற துணிப்பை இல்லை, டிரங்குப் பெட்டி. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தன் சட்டையை மாட்ட ஒரு ஆணி அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அடித்துக் கொடுத்தேன்.

சொர்ணம் ஆணியைப் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

“தைப்பொங்கலுக்கு மறுநா மத்தியான பஸ்ஸுல வருவேன். இவரு அந்த பஸ்ஸுல ஏறணும். ஏறுறதப் பாத்துட்டுத்தான் நான் எறங்குவேன். ஏறலன்னா நான் அப்படியே திரும்பிருவேன். அதுக்கப்புறம் நீங்களும் அவருமே பொங்கித் தின்னுங்க.”

சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை என் அம்மாவிடம் இனி இந்த அடுப்பில் சமைக்க மாட்டேன் என்றாள். அந்த அடுப்பு கோழி அடைகாக்கிற இடமாக இருக்கிறது.

அவள் போனாள். அவள் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்றால் சீக்கிரம் ஊற்ற வேண்டும். காலையிலேயே ஆரம்பித்தேன். வழக்கமாகச் சாயந்தரம்தான். தம்ளரை நீட்டினால் அவர் வாங்கிக்கொள்வார். நான் குடித்தால் குடிப்பார். நான் மறுபடி ஊற்றப் போனால் அவர் தம்ளரும் காலியாக இருக்கும். இஸ்ரவேல் எட்டிப் பார்த்து, இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்கே கிளம்பிவிடுவார் என்று நம்பிக்கை சொன்னான்.

தீபாவளிக்கு அவர் கிளம்பவில்லை. இன்னொருவர் வந்தார். இவர் சின்ன ஆள், முழங்கால் உயரம். விடிந்ததும் வருவார். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நேற்று நான் இஸ்ரவேலிடம் என்ன பேசினேன், எப்படிப் பேசினேன் என்று மெதுவாக எடுத்துச் சொல்வார். பெரியவருக்குத் தம்பி முறை. முதலில் காலையில் வந்து பத்து மணிக்குப் போனார். அப்புறம் போகவில்லை. அவருக்கும் ஓர் ஆணி அடித்தேன், தாழ்வாக.

பெரியவருக்கு உடம்பு போட்டது. என்னை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்தார். அண்ணாச்சி என்று கூப்பிடுமாறு சொன்னேன். சரி அண்ணாச்சி என்றார்.

கார்த்திகை பாதியில் ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப் பக்கம் போனேன். அங்கே லூர்தம்மாள் வீட்டுச் சடைவு நின்றுகொண்டிருந்தார். பையும் கையுமாக. லூர்தம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். புருஷன் இல்லை, கடைதான். சடைவின் தலைமுடியில் உளுந்து மாவு காய்ந்திருந்தது. பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறினார். அவ்வளவு அவசரமாக ஒரு சடைவு ஏறி நான் பார்த்ததில்லை.

கடைக்குப் போய் லூர்தம்மாளைக் கேட்டேன். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று. அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

“வந்த அன்னைக்கே மாவாட்டச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. அவருக்கும் எனக்கும் உக்காந்து மூஞ்சியப் பாக்க நேரமே கெடைக்கல. வெறுத்துப் போயிக் கெளம்பிட்டாரு.”

குடிக்க என்ன கொடுத்தாய் என்றேன். சுடுதண்ணீர் என்றாள். அதற்கும் அவரே அடுப்பு மூட்ட வேண்டுமாம். இட்லி வேண்டுமா வேண்டாமா, வேண்டாமென்றால் வழியை விட்டு நில்லுங்கள் என்றாள்.

யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். விருந்தாளியை வேலை வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. குடிக்க வைக்கிற பழக்கம்தான். ஆனால் சுடுதண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வெளியே மழை. அவருக்குச் சுடுதண்ணீர் ஊற்றினேன். எனக்கு வழக்கமானது. அவர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் நான் பார்க்காத ஒன்று தெரிந்தது. சுகம்.

“நல்லாருக்கு அண்ணாச்சி” என்றார்.

“அப்போ மத்தது?”

“அது வயிறு எரியும். நமக்கு எப்பவுமே ஒத்துக்கிடாது.”

“பின்ன எதுக்குவே இத்தன வருசமா குடிச்சீரு?”

“நீங்க குடிச்சீங்க. வீட்டுக்காரரத் தனியாக் குடிக்க விடுறது மரியாத இல்லைல்லா.”



“நீரு குடிக்கீருன்னுதான் நான் குடிச்சேன்” என்றேன்.

சின்னவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இது நாளைக் காலையில் சொல்ல வேண்டிய விஷயம்.

“கார்த்திகையிலயே கெளம்பத்தான் இருப்பேன் அண்ணாச்சி” என்றார் பெரியவர். “வருசா வருசம் பையக் கட்டி வச்சிருவேன். நீங்க தம்ளரக் கீழ வச்சதும் எந்திரிக்கலாம்னு இருப்பேன். நீங்க வைக்கவே இல்ல.”

“நானும் நீரு வைக்கட்டும்னுதான் இருந்தேன்.”

தம்ளரைக் கீழே வைக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். நான் முதலில் வைத்தால் விருந்தாளியை எழுந்து போகச் சொன்ன மாதிரி. அவர் முதலில் வைத்தால் வீட்டுக்காரன் கொடுத்ததை வேண்டாம் என்ற மாதிரி. சுடுதண்ணீரானாலும் அதுவும் தம்ளர்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும்.

இஸ்ரவேலைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மாதா கோவிலில் மத்தியான மணி அடிக்கும்போது வைத்துவிடுவோம், நீ நடுவில் நின்று பார் என்றேன். அவன் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

மணி அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையைத் தாழ்த்தினார், நான் தாழ்த்தாதது கண்டு உயர்த்தினார். நான் தாழ்த்தினேன். அவர் உயர்த்தியிருந்தார். உயர்த்தினேன். மணி நின்றுவிட்டது.

இஸ்ரவேல் கோபப்பட்டான். “ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காதிய. ஆளுக்கொரு செவுத்தப் பாருங்க” என்றான்.

சாயந்தர மணிவரை தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். அவர் மேற்குச் சுவரைப் பார்த்தார், நான் கிழக்குச் சுவரை. கை மரத்துவிட்டது. மணி அடித்தது. தரையில் தம்ளர் படுகிற சத்தம் கேட்டது. ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தேன். இரண்டும் கீழே இருந்தன.

இஸ்ரவேல் முக்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தான். உன் வீட்டிலும் இதைச் செய்து பார் என்றேன். “எங்க வீட்ல உள்ளவரு நெசமாவே பிரியப்பட்டுக் குடிக்காரு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் சின்னவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

பெரியவர் அன்றைக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. குடி நின்றதும் கனம் கூடிவிட்டது. கூடும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருஷமும் குடி அவரை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. எடுத்ததும் மொத்தமும் இறங்கிவிட்டது.

நாற்காலி அன்றே உடைந்தது. தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரை கீறிற்று. பெருமூச்சு விட்டால் சன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எனக்குக் கை நடுங்கிற்று. அவருக்கும். இரண்டு பேரும் சுடுதண்ணீர் குடிக்கிறபோது தம்ளர் பல்லில் தட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம்.

ஒரு நாள் பிராந்திக் கடைக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். செருப்பைப் போட்டேன். அவரும் எழுந்திருக்கத் தொடங்கினார். கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக. நீர் எங்கே கிளம்பிவிட்டீர் என்று கேட்டேன். நீங்கள் தனியாகப் போகிறீர்களே என்றார். அவர் முழுதாக எழுந்து நிற்பதற்குள் கடை மூடிவிடுவார்கள் என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றினேன். அவர் மறுபடியும் உட்கார்ந்தார். அதற்கும் அவ்வளவு நேரம் பிடித்தது.

இப்படிச் சில தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் எழப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்திருந்தோம்.

மார்கழி வந்துவிட்டது. தைப்பொங்கல் கண்ணுக்குத் தெரிகிறது. அவரை எழுப்பி நிறுத்தவே முடியவில்லை, பஸ்ஸில் எப்படி ஏற்றுவது? ஏற்றினாலும் பஸ் எப்படி நகரும்? சொர்ணத்துக்கு போன் போட்டு விவரத்தைச் சொல்லலாம் என்று எடுத்தேன். அவள், “போயாச்சா?” என்றாள். இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

அப்போதுதான் புயல் வந்தது. இஸ்ரவேல் ஓடி வந்தான். அளத்தில் காற்று ஓலையைப் பிய்க்கிறது, கல் வைத்தும் நிற்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்பாரம் திறந்துவிடும் என்றான். திறந்தால் மழையில் உப்பு கரையும். அந்த வருஷம் பூராவும் வெயிலில் நின்று வாரியது. கரைந்தால் தண்ணீர்தான்.

கல்லைவிடக் கனமாக என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“ஓலை மேல ஏறி உக்காரணும், அவ்வளவுதானே அண்ணாச்சி?” என்றார்.

உட்காருவது வேலை ஆகாது. அது அவர் தொழில். கேட்பதில் தப்பில்லை.

உப்பு ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்தோம். நானும் இஸ்ரவேலும் கம்பியைக் கொடுத்து நெம்பி ஏற்றினோம். வண்டிச் சக்கரம் மண்ணில் பாதி புதைந்தது. அளத்துக்குப் போய், பலகை போட்டு, மேலே தள்ளினோம். அம்பாரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தார். ஓலை அமுங்கிற்று. அதன்பின் ஒரு கீற்றுகூட அசையவில்லை.

மற்றவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்கு ஓடினார்கள். சாயந்தரத்துக்குள் வரிசையாக எல்லா அம்பாரத்தின் மேலும் ஒரு சடைவு இருந்தார். இஸ்ரவேல் வீட்டுச் சடைவு பாட்டிலோடு இருந்தார். லூர்தம்மாளுக்கு அளம் இல்லை, ஆகவே கவலையும் இல்லை. கடலிலிருந்து காற்று வந்து அவர்கள் எல்லோர் தலைமுடியையும் ஒரே பக்கமாகப் படிய வைத்தது.

நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விருந்தாளியைப் புயலில் தனியாக விட முடியாது. பிளாஸ்கில் சுடுதண்ணீர் இருந்தது. மாற்றி மாற்றிக் குடித்தோம். கை நடுக்கம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. அவர் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார். சொர்ணம் எப்படிப்பட்டவள் என்று. நாங்கள் வந்ததும் அவள் போய்விடுகிறாள், அவள் திரும்பி வருகிறபோது நாங்கள் இருந்ததில்லை என்றார். குழம்பில் புளி கொஞ்சம் கூட வைப்பாள் என்றேன். அவர் புரிந்தது மாதிரி தலையாட்டினார்.

புயல் ஓய்ந்தது. வெயில் வந்தது. ஓலை ஒன்றும் பறக்கவில்லை. இறங்கலாம் என்று அவர் கையைப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டார். ஒரு கனமும் இல்லை. துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி.

காரணம் சாதாரணமானது. சடைவில் முக்கால்வாசியும் தண்ணீர்தான். உப்பின் மேல் இரவும் பகலும் உட்கார்ந்தால் மீனுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும். உப்பு உறிஞ்சிவிட்டது. மிச்சத்தை வெயில் எடுத்துக்கொண்டது. அவர் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தட்டிவிட்டேன். இஸ்ரவேல் வீட்டுச் சடைவு மட்டும் காயவில்லை. அவர் பாட்டிலோடு இருந்ததால் ஈரம் விடவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். காற்றில் பறக்காமல் இருக்கச் சட்டைப் பையில் ஒரு கூழாங்கல் போட்டேன். ஒரு தடவை அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பாட்டு மாதிரி இருந்தது. நான் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வெட்கப்பட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். இஸ்ரவேலும் கூட வந்தான். டிரங்குப் பெட்டி வேண்டாம் என்றார், தூக்க முடியாது. துணிப்பை ஒன்று கொடுத்தேன். பஸ் வந்தது. சொர்ணம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

அவர் படியில் கால் வைத்தார். கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

விஷயம் இதுதான். அவர் ஆள் இல்லை, ஆகவே டிக்கெட் போட முடியாது. கனம் இல்லை, ஆகவே லக்கேஜ் போட முடியாது. இரண்டும் இல்லாமல் ஒன்றை ஏற்றினால் செக்கிங்கில் கண்டக்டர் மாட்டுவார். கண்டக்டர் நியாயமானவர். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது. கூழாங்கல்லை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். இது லக்கேஜ் ஆகாது, பாக்கெட் சாமான் என்றார்.

டிரைவர் ஆரன் அடித்தார். எங்கள் ஊரோடு திரும்பிப் போகிற பஸ் அது. திருப்பத் தொடங்கினார். அவர் படிக்குக் கீழே நிற்கிறார். சொர்ணம் பையை மடியிலேயே வைத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. நான் கண்டக்டரிடம் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. நிறையப் பேசினேன் என்று இஸ்ரவேல் பிறகு சொன்னான். நான் அவ்வளவு பேசி அவன் கேட்டதில்லையாம்.

பஸ் திரும்பி நின்றது. சன்னல் இப்போது என் பக்கம். சொர்ணம் தலையை வெளியே நீட்டினாள்.

“ஒரு மூட்ட உப்ப எடுத்து ஏத்தி, அதுமேல அவர வச்சுக் கெட்டுங்க. இதுகூடவா நான் வந்து சொல்லணும்?”

கண்டக்டர் யோசித்தார். உப்பு மூட்டைக்கு லக்கேஜ் உண்டு. மூட்டைக்கு மேல் என்ன கட்டியிருக்கிறது என்று கேட்க விதி இல்லை. சரி என்றார். நானும் இஸ்ரவேலும் அம்பாரத்துக்கு ஓடினோம். எனக்கு ஓடுகிற வயசு இல்லை. மூட்டையைத் தூக்கி வந்து பின் சீட்டில் போட்டோம். அவரை மேலே உட்கார வைத்து என் துண்டால் கட்டினேன். முடிச்சு இறுக்கமா என்று கேட்டேன். சௌகரியம் என்றார்.

“அடுத்த ஐப்பசிக்கு வரலாமா அண்ணாச்சி?”

“வாரும். சுடுதண்ணிதான் கெடைக்கும்.”

“அது போதும்.”

நான் இறங்கினேன். சொர்ணம் எழுந்து முன்படி வழியாக இறங்கினாள். கறுத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. படிப் பக்கம் திரும்பி, உள்ளே இருந்த யாருக்கோ கை கொடுத்தாள்.

ஒரு பெண் இறங்கினாள். ஒல்லி. ஈரச் சேலை. அவள் தரையில் கால் வைத்ததும் பஸ்ஸின் முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்தது. முகம் வாடியிருந்தது. யார் என்று கேட்கத் தேவை இல்லை.

சொர்ணம் என்னைப் பார்க்காமல் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினாள்.

“தம்பி வீட்டுல ஆளுக்கா பஞ்சம். ஆனா எனக்குன்னு ஒருத்தி வந்து சேந்துட்டா. போடின்னா போக மாட்டேங்கா. ஒங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போனவ நான்தான். நீங்க வேண்டாம்னா இவளக் கூட்டிக்கிட்டு இதே பஸ்ஸுல போயிருதேன்.”

டிரைவர் கியரில் கை வைத்துக் காத்திருந்தார்.

“அவ என்ன குடிப்பா?” என்றேன்.

“ஒண்ணும் குடிக்க மாட்டா. ராத்திரி முழிச்சிருப்பா. என்கூடப் பேசுவா.”

“என்ன பேசுவா?”

“நீங்க சாப்ட்டிருப்பீங்களா, மாட்டீங்களான்னு.”

டிரைவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். பஸ் போயிற்று. பின் கண்ணாடியில் அவர் மூட்டை மேல் ஆடிக்கொண்டே போனார். சொர்ணம் பையை என்னிடம் கொடுத்தாள்.

வெயில் நன்றாக அடித்தது. அந்தப் பெண் இடுப்பில் செருகியிருந்த ஒரு குடையை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி விரித்தேன். குடைக்குள் மழை பெய்தது. வெளியே, அளத்தில், ஒரு சொட்டு விழவில்லை. சொர்ணம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குடைக்குள் வந்தாள். அந்தப் பெண்ணும் வந்தாள். மூன்று பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம்.